தற்குறிப்பேற்றம் என்றால் பெர்சானிஃபிகேஷன்தானா? மார்க் போனவள் கேட்கிறேன்

கோத்தகிரி_முதலாண்டு | இரவு 8.12

எல்லோருக்கும் வணக்கம். பி.ஏ. ஆங்கில இலக்கியம் முதலாண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அதனால் ஆங்கிலத்தில் எந்தச் சொல் வந்தாலும் பக்கத்திலேயே தமிழ்ச் சொல்லைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்வது பழக்கம். சீனியர் அக்கா ஒருத்தி கொடுத்த ஜெராக்ஸ் நோட்டில் ஒரு பட்டியல் இருந்தது. சிமிலி உவமை, மெட்டஃபர் உருவகம், பெர்சானிஃபிகேஷன் தற்குறிப்பேற்றம், அலிட்டரேஷன் மோனை, மெட்டானமி ஆகுபெயர், ஐரனி வஞ்சப்புகழ்ச்சி, சிம்பல் உள்ளுறை. அப்படியே மனப்பாடம் செய்துவிட்டேன்.

போன வாரம் இன்டர்னலில் பெர்சானிஃபிகேஷனை, அதாவது ஆள் அல்லாததை ஆள் மாதிரிச் சொல்வதை, விளக்கி உதாரணம் தரச் சொன்னார்கள். நான் சிலப்பதிகாரக் கொடியை எழுதினேன், அதுதான் மதுரைக் கோட்டைக் கொடிகள் ‘வாரல்’ என்று கை காட்டுகிற இடம், ஸ்கூலில் படித்தது. ஐந்துக்கு ஒன்றரை. ‘இது அது இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். எது எது இல்லை என்று கேட்கப் போனேன், அதற்குள் பெல் அடித்துவிட்டது. அடுத்த வாரம் இன்னொரு தேர்வு. யாராவது சொல்லுங்கள்.

கடைசிபஸ் | 8.19

ஒன்றரை வந்ததே பெரிது தங்கச்சி. நான் படித்த காலத்தில் சினெக்டகி என்பதை எப்படி உச்சரிப்பது என்று தெரியாமலே டிகிரி வாங்கிவிட்டேன். இழையைத் தொடர்கிறேன், பெரியவர்கள் வரட்டும்.

ஓய்வு_தமிழாசிரியர் | 8.47

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். பவர் கட், செல்போன் வெளிச்சத்தில் தட்டச்சு செய்வதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, முதலில் அந்த வரியைப் பார்ப்போம். ‘போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக் கைகாட்ட’. கோட்டை மேல் கொடி இருக்கிறது, காற்றடிக்கிறது, கொடி ஆடுகிறது. இது தினமும் நடப்பது. ஆனால் கோவலன் இந்த ஊருக்குள் போனால் திரும்பி வரமாட்டான் என்று இளங்கோவடிகளுக்குத் தெரியும். அதனால் இயல்பாக ஆடுகிற கொடிக்குத் தாமாக ஒரு காரணத்தைக் கற்பிக்கிறார், வராதே என்று தடுக்கிறதாம். தன் குறிப்பை ஏற்றியது. பெயரைப் பிரித்தாலே விளக்கம் வந்துவிடும்.

அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் இதை இயங்கும் பொருள், இயங்காப் பொருள் இரண்டுக்கும் சொல்கிறது. அங்கே தரும் ஓர் உதாரணம் நிலா. பகையரசரின் வெண்குடையைச் சோழனுடைய யானை தேய்த்துப் போட்டதாம். நம்மையும் வெண்குடை என்று நினைத்துப் பாய்ந்துவிடுமோ என்று பயந்துதான் நிலா தேய்கிறதாம். தேய்பிறை எப்போதும் வருவதுதான். காரணம்தான் புலவர் கொடுத்தது. ஆக, தற்குறிப்பேற்றத்தின் உயிர் அந்தக் கற்பித்த காரணத்தில் இருக்கிறது. மனிதத் தன்மை கூடவே வரலாம், வந்தாலும் அது அணிக்கு அடையாளம் ஆகாது.

கூடலூர்_அக்கா | 9.05

ஐயா சொன்னதற்குப் பின்னால் சேர்க்கிறேன். நான் ஆங்கில இலக்கியம்தான் நடத்துகிறேன், வேறு கல்லூரி, அதனால் பயமில்லாமல் பேசலாம்.

கோத்தகிரியில் உன் ஜன்னலைத் திற. ‘மூடுபனி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது.’ பனிக்குக் கண்ணும் கழுத்தும் கொடுத்துவிட்டாய், அவ்வளவுதான், இது பெர்சானிஃபிகேஷன். ஏன் எட்டிப் பார்த்தது என்று நீ சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். இப்போது இன்னொன்று. ‘மேட்டுப்பாளையம் வெயில் தாங்காமல் மேகமெல்லாம் மலையேறி வருகிறது.’ மேகம் மலையேறுவது நம் ஊரில் மத்தியானம் ஆனால் நடக்கிற சமாச்சாரம். அதற்கு நீ ஒரு காரணம் வைத்தாய், ஆகவே தற்குறிப்பேற்றம். இந்த இரண்டாவதில் பெர்சானிஃபிகேஷனும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் வெயில் தாங்காமல் போவது ஆளுக்குத்தான். முதலாவதில் தற்குறிப்பேற்றம் இல்லை. ஒன்று இன்னொன்றோடு சேர்ந்து வரும், ஆனால் ஒன்றே இன்னொன்று ஆகாது. அந்தச் சிவப்பு மையின் அர்த்தம் இதுவாக இருக்கலாம்.

குறுக்குக்கேள்வி | 9.11

ஒரு நிமிடம். கொடிக்குக் ‘கை’ இருக்கிறது, அது ‘வாரல்’ என்று சொல்கிறது. கையும் வாயும் இருந்தால் அது பெர்சானிஃபிகேஷன் இல்லாமல் வேறென்ன? அந்தப் பெண் எழுதியது சரியான விடை. திருத்தியவர்தான் பாதி தூக்கத்தில் திருத்தியிருக்கிறார்.

கூடலூர்_அக்கா | 9.16

அதையும் மறுக்க மாட்டேன். நான் திருத்தியிருந்தால் நான்கு போட்டிருப்பேன். கொடி உதாரணமாக நிற்கும். ஆனால் விளக்கத்தில் ‘இதைத் தமிழில் தற்குறிப்பேற்றம் என்பர்’ என்று எழுதியிருப்பாய் இல்லையா, அங்கேதான் ஒன்று போகும். சொல்லுக்குச் சொல் சமன் போடும் பட்டியல்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. இரண்டு மரபும் வேறு வேறு இடத்தில் கோடு போட்டு வயலைப் பிரித்திருக்கின்றன, வரப்புகள் ஒன்றன் மேல் ஒன்று விழாது.

இன்னொன்று. அதே கொடியை ஆங்கிலத் தாளில் ஃபோர்ஷேடோயிங் கேள்விக்கும் எழுதலாம், நடக்கப்போகும் கொலையை முன்கூட்டியே காட்டுகிறது. கோவலனுக்கு அந்தக் கை தெரியவில்லை, நமக்குத் தெரிகிறது, ஆகவே டிரமாட்டிக் ஐரனிக்கும் எழுதலாம். ஒரே வரிதான்.

கோத்தகிரி_முதலாண்டு | 9.20

அக்கா, அந்த வரியேதான் எழுதினேன்!! ‘இதைத் தமிழில் தற்குறிப்பேற்றம் என்பர்.’ அப்படியானால் பெர்சானிஃபிகேஷனுக்குத் தமிழில் சொல்லே கிடையாதா?

ஓய்வு_தமிழாசிரியர் | 9.38

கரண்ட் வந்துவிட்டது. சூத்திரமே இருக்கிறது, நோட்டு எழுதியவர்தான் தேடவில்லை. பவணந்தியின் இலக்கண நூலான நன்னூலில், ‘கேட்குந போலவும் கிளக்குந போலவும் இயங்குந போலவும் இயற்றுந போலவும் அஃறிணை மருங்கினும் அறையப் படுமே’. அஃறிணைப் பொருள்கள் கேட்பது போல, பேசுவது போல, நடப்பது போல, வேலை செய்வது போலச் சொல்லலாம் என்று அனுமதி கொடுக்கிறது. பவணந்தி எழுதியது 13ஆம் நூற்றாண்டில். அவருக்கு வெகு முன்பே தொல்காப்பியம் செய்யுளியலில் ஒரு பட்டியல் போடுகிறது: ஞாயிறு, திங்கள், அறிவு, நாண், கடல், கானல், விலங்கு, மரம், பொழுது, புள், நெஞ்சு. இவை ‘சொல்லுந போலவும் கேட்குந போலவும்’ அமையலாம் என்கிறது. நெஞ்சே என்று விளிக்கிறார்களே, அதை உங்கள் ஆங்கிலத் தாளில் அப்பாஸ்ட்ரஃபி என்பீர்கள். அதுவும் இங்கே அடங்கிவிடுகிறது.

அணி நூல்களில் இதற்குத் தனிப்பெயர் கொடுத்துக் கொண்டாடவில்லை. பேச்சு வழக்கு போல இலக்கணத்தில் வைத்துவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கும்.

லைன்வீடு | 10.02

ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். தேயிலை ஃபேக்டரியில் வேலை, ஆனால் பிளஸ் டூவில் தமிழில் எங்கள் பள்ளியில் முதல் மார்க், அந்தத் திமிரில் எழுதுகிறேன்.

ஆகுபெயரை யாரும் தொடவில்லையே. எங்கள் அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்தால் ‘இன்னிக்கு நாப்பது கிலோ எடுத்தேன்’ என்பார். கிலோவையா எடுத்தார், கொழுந்தை எடுத்தார், எடுத்தலளவை ஆகுபெயர். ‘தலைக்கு இவ்வளவு’ என்று கூலி பேசுவார்கள், தலை என்றால் முழு ஆள், சினையாகுபெயர். என் தங்கை டிசம்பர் சூடிக்கொண்டு போகிறாள், மாதத்தை யாரும் தலையில் வைக்க முடியாது, காலவாகுபெயர். ஒவ்வொரு தை மாதமும் பேப்பரில் ‘நடுங்குகிறது ஊட்டி’ என்று போடுவான். அது இடவாகுபெயர், ஊட்டியில் இருக்கிற ஜனங்கள் நடுங்குகிறார்கள். பார்த்தால் பெர்சானிஃபிகேஷன் மாதிரித் தெரியும். ஊருக்குக் கை கால் கொடுக்கவில்லை, ஊர் என்று சொல்லி ஆட்களைச் சொல்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். சரியா ஐயா?

ஓய்வு_தமிழாசிரியர் | 10.09

மிகச் சரி தம்பி. திமிர் இருக்கட்டும்.

கூடலூர்_அக்கா | 10.15

லைன்வீடு, இதை என் வகுப்பில் சொல்லப் போகிறேன், உங்கள் அம்மாவின் நாற்பது கிலோவையும் சேர்த்து.

தங்கச்சி, இங்கே கோடு எப்படி விழுகிறது பார். ஆங்கிலத்தில் முழுமைக்குப் பதில் உறுப்பு வந்தால், அல்லது உறுப்புக்குப் பதில் முழுமை வந்தால், அது சினெக்டகி. தொடர்புடைய வேறொன்று வந்தால் மெட்டானமி. தமிழில் இரண்டுமே ஆகுபெயர்தான், ஆனால் உள்ளே பத்துக்கு மேற்பட்ட வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ‘தலைக்கு’ என்பது ஆகுபெயர் என்றால் சரி, மெட்டானமி என்றால் பரீட்சையில் இழுபறி, சினெக்டகி என்றால் முழு மார்க். உன் பட்டியலில் ‘மெட்டானமி ஆகுபெயர்’ என்று ஒரே கோட்டில் எழுதினால் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்.

தூண்பாறை | 10.31

கொடைக்கானல்காரன் ஒருவன் வரலாமா, இது நீலகிரி இழை என்று விரட்டாதீர்கள். டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். பாதியில் நிறுத்திய எம்.ஏ. தமிழ்.

உவமை, உருவகத்தை எளிது என்று எல்லோரும் தாண்டிவிட்டீர்கள், எனக்கு அங்கேதான் அடி விழுந்தது. ஆங்கிலத்தில் ‘போல’ இருந்தால் சிமிலி, இல்லாவிட்டால் மெட்டஃபர் என்று ஸ்கூலில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதைத் தமிழுக்குக் கொண்டு வந்தால் கவிழ்ந்துவிடும். மலர்விழி என்கிறோம், ‘போன்ற’ எங்கேயும் இல்லை, ஆனாலும் அது உவமைதான், உருபு மறைந்து நிற்கிற உவமைத்தொகை, மலர் போன்ற விழி. அதையே விழிமலர் என்று திருப்பிப் போட்டால் உருவகம், விழியே மலர். எது முன்னால் நிற்கிறது என்பதில் இருக்கிறது விஷயம். உவமை முன்னால் வந்தால் உவமைத்தொகை, பொருள் முன்னால் வந்தால் உருவகம். ஆங்கிலக்காரனிடம் மலர்விழியைக் கொடுத்தால் மெட்டஃபர் என்பான்.

எங்கள் ஊர் தூண்பாறை, அதனால்தான் இந்தப் பெயரும் வைத்தேன், உவமைத்தொகை. தூண் போன்ற பாறை. வெள்ளி அருவியும் அப்படித்தான், வெள்ளி போன்ற அருவி. ஒரு தடவை மதுரையிலிருந்து வந்த ஒருவர் வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார், ‘ஏம்ப்பா, வெள்ளிக்கிழமை மட்டும்தான் தண்ணி விழுமா?’ சிலேடை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

குறுக்குக்கேள்வி | 10.36

அப்படியானால் பாறைத்தூண் என்று திருப்பினால் உருவகமா? பாறையால் செய்த தூண் என்றுதான் எனக்குக் கேட்கிறது. உங்கள் விதி உங்கள் சொந்த ஊரிலேயே உடைகிறதே.

தூண்பாறை | 10.44

ஐயோ. ஆமாம். அதை யோசிக்கவே இல்லை.

ஓய்வு_தமிழாசிரியர் | 10.52

நல்ல பிடி. பாறைத்தூண் என்றதும் பாறையால் ஆகிய தூண் என்று மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகத்தான் காது எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் பாறையில் தூண் செய்வது உலகத்தில் நடப்பது. விழியில் மலர் செய்ய முடியாது, அதனால் விழிமலர் உருவகமாக நிற்கிறது. சொல் வரிசையைப் பார்த்த பிறகு பொருளையும் பார்க்க வேண்டும். வெறும் வரிசையை நம்பினால் பிறவிக்கடலைப் பிறவியால் செய்த கடல் என்று ஒருவன் எழுதுவான், எழுதியும் இருக்கிறான், என் வகுப்பில்.

கடல் என்றதும் நினைவு வந்தது, தேர்வுக்கு உதவும். ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்.’ பிறவியைக் கடலாக உருவகித்தார், சரி. அப்படியென்றால் இறைவன் அடியைத் தெப்பம் என்று உருவகித்திருக்க வேண்டும், சொல்லாமல் விட்டார். ஒரு பாதியை உருவகித்து மறு பாதியை நம்மிடம் விடுவது ஏகதேச உருவகம். இதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடி நேரத்தை வீணாக்காமல் என்ன நடக்கிறது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

கடைசிபஸ் | 10.55

மோனையும் அலிட்டரேஷனும் ஒன்றுதானே, அதையாவது விட்டு வையுங்கள் ஐயா.

ஓய்வு_தமிழாசிரியர் | 11.01

பெரும்பாலும். ஆனால் தமிழில் சகரத்துக்குத் தகரமும், ஞகரத்துக்கு நகரமும், மகரத்துக்கு வகரமும் மோனையாக வரலாம். ‘மலை’யும் ‘வானமு’ம் மோனை. ஆங்கிலக் காது அதை ஒத்துக்கொள்ளாது. எதுகைக்கு இதைவிடத் தூரம். அவர்களுக்கு ரைம் அடியின் கடைசியில், நமக்கு எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில். கடைசியில் ஒத்து வந்தால் நாம் இயைபு என்போம். வஞ்சப்புகழ்ச்சியும் இப்படித்தான், ‘தேவர் அனையர் கயவர்’ என்று புகழ்வது போலப் பழிப்பது ஐரனியில் ஒரு மூலை, முழு வீடு ஆகாது. தூங்கப் போகிறேன்.

கோத்தகிரி_முதலாண்டு | 11.04

ஐயா நன்றி. மீதி உள்ளுறைதான். அதையும் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள்.

கூடலூர்_அக்கா | 11.30

தப்புதான் தங்கச்சி, ஆனால் அழகான தப்பு. உள்ளுறை என்றால் இது இதற்கு உவமை என்று வெளியே சொல்லாமல் உள்ளே வைத்துவிடுவது. குறுந்தொகை 25 எடு, கபிலர் பாட்டு, ஐந்தே வரி. தலைவி சொல்கிறாள், அவன் என்னைக் கூடிய அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன். அப்புறம், ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே’. ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கிற ஒரு குருகு இருந்தது, தினைத்தாள் போலச் சின்னப் பச்சைக் கால்.

கால் தினைத்தாள் போல என்பது வெளிப்படையான உவமை, ‘அன்ன’ என்ற உருபே நிற்கிறது. அதைச் சிமிலி என்று எழுதிவிட்டு எல்லோரும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்தக் குருகு எதற்கும் உவமை என்று பாட்டு எங்கேயும் சொல்லவில்லை. சாட்சி இருந்தது, அதன் கண் முழுக்க மீனில். சாட்சி சொல்லாது. இன்னும் ஒரு படி போனால், தன் பசிக்காக அசையாமல் நிற்கிற அந்தப் பறவையில் அவனே கொஞ்சம் தெரிகிறான். அவள் அவனைத் திட்டவில்லை, பறவையைக் காட்டினாள்.

சிம்பல் என்றால் புறா சமாதானம் என்கிற மாதிரி வெளியிலேயே பேசி முடித்த அர்த்தத்தோடும் வரலாம். இந்தக் குருகின் அர்த்தம் இந்த ஐந்து வரிக்கு வெளியே கிடையாது. அதோடு உள்ளுறைக்கு விதி உண்டு, அந்த நிலத்தின் கருப்பொருளில், அதாவது அங்கே உள்ள தெய்வம், விலங்கு, மரம், பறவை போன்றவற்றில், தெய்வத்தை விட்டுவிட்டு மற்றவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். இங்கே இதை உள்ளுறை என்பதா, கருப்பொருளுக்குள் மறைந்து நிற்கிற இன்னொரு குறிப்பான இறைச்சி என்பதா என்று ஐயா காலையில் வந்து சண்டை போடுவார், போடட்டும்.

தூண்பாறை | 11.47

அக்கா, குறுந்தொகை 3 சொல்லட்டுமா. ‘கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.’ 2006இல் எங்கள் மலையில் குறிஞ்சி பூத்தபோது சின்னப் பையன், 2018இல் வண்டியில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு வருடம் காத்திருந்து பூக்கிற பூவில் எடுத்த தேன் என்றால் அந்த நட்பு எவ்வளவு அரிது என்று யோசியுங்கள். உள்ளுறை இதுதானே?

குறுக்குக்கேள்வி | 11.53

பாட்டில் பன்னிரண்டு எங்கே இருக்கிறது? குறிஞ்சி இனத்தில் நிறையச் செடிகள் இருக்கின்றன, வேறு வேறு வருடக் கணக்கில் பூக்கின்றன. டூரிஸ்ட் கைடு கதையை அந்தப் பாட்டைப் பாடிய தேவகுலத்தார் தலையில் ஏற்றாதீர்கள். இதற்குப் பெயர்தான் தற்குறிப்பேற்றம்.

தூண்பாறை | 11.55

😂 ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தத் தேன் என் மனத்தை விட்டுப் போகாது.

ஓய்வு_தமிழாசிரியர் | காலை 6.10

கூடலூர் அம்மாவோடு சண்டைக்கு வரவில்லை. தூண்பாறைத் தம்பிக்குத்தான் ஒரு சொல். பாட்டுக்கு வெளியே போகாமலே அந்தத் தேன் கிடைக்கும். நிலத்தினும் பெரிது, வானினும் உயர்ந்தது, நீரினும் ஆழமானது என்று மூன்று பேரளவுகளைச் சொல்லிவிட்டுச் சட்டென்று ஒரு மலைச்சாரலுக்கு, ஒரு கரிய காம்புக்கு, ஒரு பூவுக்கு இறங்குகிறாள். அந்தச் சின்னப் பூவிலிருந்து ‘பெருந்தேன்’. முதல் அடியில் சொன்ன பெரிது இங்கே மறுபடி வந்து நிற்கிறது, துளித்துளியாகச் சேர்த்த பெரிதாக. உயர்வு நவிற்சி என்று பெயர் எழுதிவிட்டு நிறுத்தினால் இந்த இறக்கம் கண்ணில் படாது.

கோத்தகிரி_முதலாண்டு | 7.25

பஸ்ஸுக்காக நிற்கிறேன். ராத்திரி ஜெராக்ஸ் பட்டியலைக் கிழித்துவிட்டேன். (சீனியர் அக்கா இதைப் படிக்கக் கூடாது.) ஒரே ஒரு சந்தேகம். எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு. போன தை மாதம் காலையில் உறைபனி விழுந்து செடியெல்லாம் வெள்ளையாக நின்றது, எங்கள் அம்மா பார்த்துவிட்டு ‘தோட்டம் நரைச்சுப் போச்சு’ என்றார். இது என்ன?

கடைசிபஸ் | 7.28

உருவகம்.

குறுக்குக்கேள்வி | 7.29

நரை மனிதனுக்கு வருவது. பெர்சானிஃபிகேஷன்.

கூடலூர்_அக்கா | 7.33

நாய்க்கும் நரைக்கும். ஆனாலும் எழுது, இரண்டுக்கும் காரணம் சொல்லி எழுது.

ஓய்வு_தமிழாசிரியர் | 7.40

ஏன் நரைத்தது என்று அம்மா ஏதாவது சொன்னார்களா?

கோத்தகிரி_முதலாண்டு | 7.52

சொன்னார் ஐயா. ‘பச்சைத் தேயிலை வெலையக் கேட்டிருக்கும், அதான் ஒரே ராத்திரில நரைச்சிருச்சு’ என்றார்.

ஓய்வு_தமிழாசிரியர் | 7.54

அடுத்த தேர்வில் கொடியை விட்டுவிட்டு இதை எழுதம்மா.

லைன்வீடு | 7.58

எங்கள் ஃபேக்டரியைத்தான் சொல்கிறார் போல. விலை எங்கள் கையில் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள், குன்னூர் ஏலத்தில் இருக்கிறது.